பர்மாத் தேக்குக் கைப்பெட்டிக்குள் ஓர் இசட்80 கணினி: முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளைப் பூண் போட்ட மரப்பெட்டிகள் இன்னும் கிடைக்கின்றன. கணக்குப்பிள்ளைகள் பேரேடு வைத்திருந்த பெட்டி, கல்லாப்பெட்டி, பயணத்துக்கு எடுத்துப் போன கைப்பெட்டி எனப் பல வகை உண்டு. அப்படி ஒன்றுக்குள் விசைப்பலகை, திரை, பேட்டரி எல்லாம் அடங்கி, மூடினால் பெட்டி, திறந்தால் கணினி என்று ஆகும்படி இசட்80 என்ற பழைய செயலியில் ஓடும் ஒரு கணினியைக் கட்டுவதுதான் இங்கே வேலை. அந்தக் காலத்து இயங்குதளமான சிபி/எம் 2.2 ஓடும். வேர்டுஸ்டார், டர்போ பாஸ்கல், பேசிக் எல்லாம் ஓடும். இணையம் கிடையாது.

வேலையின் வரிசை மாறக்கூடாது. மேசைமேல் முழுதாக ஓடுகிற கணினியைத்தான் பெட்டிக்குள் இறக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓட வைக்கப் பார்த்தால், கோளாறு மின்சாரத்திலா, கம்பியிலா, சிப்பிலா என்று தெரியாமல் நாள் போகும். இன்னொன்று, பெட்டியில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். எல்லாமே ஒரு பிளைவுட் தட்டில் ஏறி, அந்தத் தட்டு அப்படியே தூக்கி எடுக்க வருவதுபோல் இருக்கட்டும். நூறு வருடப் பெட்டியை ஒரு பொழுதுபோக்குக்காகக் குடைவது சரியில்லை. தவிர, பழுது பார்க்கவும் இதுதான் சுலபம்.

எந்தக் கணினி

இசட்80 செயலி 1976-ல் வந்தது. 40 கால் கொண்ட சிமாஸ் (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) வகையின் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஜைலாக் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. இருப்பில் உள்ளவையும் பழைய பலகைகளிலிருந்து கழற்றியவையும் இப்போதும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றோடு போலியும் வருகிறது என்பதால் சோதனை முறையைக் கீழே சொல்கிறோம்.

பலகைக்கு இசட்80-எம்பிசி2 என்ற திறந்த வடிவமைப்பை எடுத்துக்கொள்ளலாம். 10 செ.மீ. சதுரப் பலகையில் நான்கே முக்கிய சிப்புகள்: இசட்80, 128 கிலோபைட் எஸ்ரேம் நினைவகம், 74எச்சி00 என்ற சின்னத் தர்க்கச் சிப், ஏடிமெகா32ஏ என்ற மைக்ரோகண்ட்ரோலர். பழைய கணினிகளில் ரோம், தொடர் இணைப்பு, டிஸ்க் கட்டுப்பாடு என்று ஒரு கூட்டமே செய்த வேலையை இங்கே ஏடிமெகா ஒன்றே பார்த்துக்கொள்கிறது. இப்ராம் (அழித்து எழுதக்கூடிய ரோம் சிப்) எழுதும் கருவி தேவையில்லை. முதல் முறை கட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. சுத்தமாகப் பழைய சிப்புகளை மட்டும் வைத்துத்தான் கட்டுவேன் என்பவர்களுக்கு ஆர்சி2014 இருக்கிறது. அது பல அட்டைகளாகச் செருகுகிற அமைப்பு என்பதால் உயரம் அதிகம், கைப்பெட்டியில் அடங்குவது கடினம்.

வாங்க வேண்டியவை

செயலி சிமாஸ் வகையாக, 8 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் குறித்ததாக இருக்கட்டும். எஸ்ரேமுக்கு டிசி551001 அல்லது அதற்கு இணையான 32 கால் சிப், 70 நானோசெகண்ட். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, 22 பிகோஃபாரட் மின்தேக்கி இரண்டு, 100 நானோஃபாரட் மின்தேக்கிகள், மைக்ரோ எஸ்டி தொகுதி, நேரம் காட்ட டிஎஸ்3231 தொகுதி. யூஎஸ்பி-சீரியல் மாற்றி வாங்கும்போது டிடிஆர் கால் (நிரல் ஏற்றும்போது ஏடிமெகாவை ரீசெட் செய்வது) உள்ள 6 கால் வகையைக் கேட்டு வாங்குங்கள். சிப் ஒவ்வொன்றுக்கும் சாக்கெட் போடாமல் விடாதீர்கள்.

யூசர் எல்இடி நீலம் அல்லது வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அதே காலில் யூசர் பொத்தானும் இணைந்திருக்கிறது. சிவப்பு, பச்சை எல்இடிகளின் முன்னோக்கு மின்னழுத்தம் 2.7 வோல்ட்டுக்குக் கீழே என்பதால், அவற்றைப் போட்டால் பொத்தான் அமுக்கியதைச் சரியாக உணராமல் போகலாம். சிப்பில் கோளாறு என்று தேடி அலையவைக்கும் சின்ன விஷயம் இது.

திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் ஒரு முனையம் வேண்டும், அதாவது அடிப்பதைக் கணினிக்கு அனுப்பி, அது சொல்வதைத் திரையில் எழுதும் பலகை. டிடிஜிஓ விஜிஏ32 என்ற ஈஎஸ்பி32 பலகையில் விஜிஏ வெளியீடும் இரண்டு பிஎஸ்/2 துளைகளும் தயாராக இருக்கின்றன. விசைப்பலகைக்கு டிவிஎஸ் கோல்டு. வங்கிகளிலும் டிடிபி கடைகளிலும் டக்டக்கென்று சத்தம் போட்ட அதே பலகைதான். பழைய பிஎஸ்/2 வகையையே தேடுங்கள். யூஎஸ்பி வகைக்கு ஒரு சின்ன மாற்றுமுனை போட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். விசைப்பலகைக்குள்ளேயே இரண்டு முறையும் இருந்தால்தான் அது வேலை செய்யும்.

திரை 8 அங்குலம், 4:3, விஜிஏ உள்ளீடு உள்ளதாக இருக்கட்டும். காரின் பின்புறக் காமிராவுக்கு வரும் மலிவான காம்போசிட் திரையை வாங்க வேண்டாம். 80 எழுத்து வரிக்கு 640 புள்ளி தேவை. காம்போசிட் சிக்னலில் ஒரு வரியில் ஏறக்குறைய 500 புள்ளிக்கு மேல் தெளிவு கிடைக்காது, எழுத்து கசியும். 8 அங்குலத் திரையின் அகலம் 16 செ.மீ., ஆக எழுத்து ஒன்றுக்கு 2 மி.மீ. அதுவே கண் ஏற்கும் எல்லை. 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 தன் 5 அங்குலத் திரையில் 52 எழுத்தோடு நிறுத்திக்கொண்டதற்கும் கணக்கு இதுதான்.

திரையின் முதுகில் 12–24 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். காரணம் மின்சாரப் பகுதியில் வருகிறது.

பலகையைப் பற்றவைத்தல்

உயரம் குறைந்ததிலிருந்து கூடியதற்கு: மின்தடைகள், சாக்கெட்டுகள், சின்ன மின்தேக்கிகள், கிரிஸ்டல், பொத்தான்கள், கடைசியில் நிமிர்ந்து நிற்கும் முனைகள். மின்தடை வரிசைத் தொகுதிகளில் ஒரு முனையில் புள்ளி இருக்கும். அதுதான் முதல் கால், அதைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது. சாக்கெட்டின் பிறைவெட்டும் பலகையில் அச்சிட்ட பிறைவெட்டும் ஒரே பக்கம் இருக்கட்டும்.

சிப் எதையும் செருகாமல் 5 வோல்ட் கொடுத்து, சாக்கெட்டுகளில் மல்டிமீட்டர் வையுங்கள். இசட்80-க்கு 11ஆம் காலில் 5 வோல்ட், 29 தரை (கிரவுண்ட்). ஏடிமெகாவுக்கு 10, 30 இரண்டிலும் 5 வோல்ட், 11, 31 தரை. எஸ்ரேமுக்கு 32-ல் 5 வோல்ட், 16 தரை. 74எச்சி00-க்கு 14-ல் 5 வோல்ட், 7 தரை. நான்கும் சரியாக இருந்தால் மட்டும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சிப்புகளைச் செருகுங்கள்.

செயலி அசல்தானா என்று பார்க்க மின்னோட்டத்தை அளந்தால் போதும். சிமாஸ் இசட்80 சில பத்து மில்லியாம்பியருக்குள் நின்றுவிடும், தொட்டால் சூடு தெரியாது. மேலே சிமாஸ் எண்ணை அச்சிட்ட பழைய என்மாஸ் சிப் 100 மில்லியாம்பியரைத் தாண்டும், ஐந்து நிமிடத்தில் விரலுக்குச் சுடும். அப்படிப்பட்டதை இந்தப் பலகையில் வைக்க வேண்டாம்.

ஏடிமெகாவுக்கு உயிர் கொடுத்தல்

புதிதாக வாங்கும் ஏடிமெகா32ஏ தன்னுள் இருக்கும் 1 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில்தான் ஓடும். ஜேடேக் என்ற சோதனை வசதியும் திறந்திருக்கும், அதனால் சி போர்ட்டின் நான்கு கால்கள் நமக்குக் கிடைக்காது. இரண்டையும் மாற்ற ஃப்யூஸ் (சிப்புக்குள் உள்ள அமைப்பு பிட்டுகள், மின்சார ஃபியூஸ் அல்ல) எழுத வேண்டும்.

ஓர் ஆர்டுயினோ ஊனோவில் ஆர்டுயினோஐஎஸ்பி நிரலை ஏற்றுங்கள். ஊனோவின் 10-லிருந்து ஏடிமெகாவின் 9ஆம் காலுக்கு ரீசெட், 11-லிருந்து 6-க்கு, 12-லிருந்து 7-க்கு, 13-லிருந்து 8-க்கு. பலகையில் இதற்கென்றே ஓர் இணைப்பு முனை உண்டு, அதையே பயன்படுத்தலாம். எஸ்டி தொகுதியும் இதே எஸ்பிஐ கம்பிகளில் இருப்பதால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஆர்டுயினோ மென்பொருளில் மைட்டிகோர் பொதியைச் சேர்த்து, ஏடிமெகா32, வெளிக்கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்து பூட்லோடரை (மற்ற நிரலை ஏற்ற உதவும் சின்ன நிரல்) எழுதினால் இரண்டு ஃப்யூஸும் சரியாகிவிடும். இந்த நொடியிலிருந்து கிரிஸ்டல் இல்லாமல் சிப் பேசாது. ‘எழுதியதும் சிப் செத்துவிட்டது’ என்று தோன்றினால் 12, 13ஆம் கால்களின் பற்றவைப்பைப் பாருங்கள்.

அதன்பின் ஐஓஎஸ் எனப்படும் முக்கிய நிரலை யூஎஸ்பி-சீரியல் மாற்றி வழியாக ஏற்றலாம். ஏற்றுமுன் சீரியல் பெறும் இடையகத்தை வழக்கமான 64 பைட்டிலிருந்து 128 ஆக்கிக்கொள்ளுங்கள். கோப்பு அனுப்பும் முறையான எக்ஸ்மோடம் 128 பைட் துண்டுகளாக அனுப்புவதால் 64-ல் கோப்பு நடுவிலேயே உடையும்.

எஸ்டி அட்டை 16 அல்லது 32 ஜிபி போதும். 32-க்கு மேல் உள்ளவை எக்ஸ்ஃபேட்டில் வரும், அதை இது படிக்காது. ஃபேட்32-ல் புதிதாக ஃபார்மேட் செய்து, எம்பிசி2-க்கான கோப்புகள் அத்தனையையும் வேர்க்கோப்புறையிலேயே போடுங்கள். 8 மெகாபைட் டிஸ்க் ஒவ்வொன்றும் அதில் ஒரு கோப்பாக இருக்கும்.

முதல் ஓட்டம்

மாற்றியை மேசைக் கணினியில் செருகி, 115200, 8 பிட், பேரிட்டி இல்லை, 1 நிறுத்த பிட் என்று முனைய மென்பொருளைத் திறங்கள். ரீசெட்டையும் யூசரையும் சேர்த்து அமுக்கி, ரீசெட்டை மட்டும் விட்டு, பட்டியல் வரும்வரை யூசரைப் பிடித்திருங்கள். அதில் சிபி/எம் 2.2-ஐத் தேர்ந்தால் சற்று நேரத்தில் ஏ> என்ற குறி வரும். டைர் (DIR) என்று அடித்து என்டர் தட்டினால் கோப்புகளின் பட்டியல் வரும்.

ஒன்றுமே வரவில்லையென்றால் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) கம்பிகளை மாற்றிப் பாருங்கள். குப்பை எழுத்து வந்தால் வேகம் தவறு, அல்லது ஃப்யூஸ் எழுதப்படாமல் சிப் இன்னும் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பட்டியல் வந்து, இயங்குதளம் ஏறும்போது நின்றால் ஏடிமெகா நலம். இசட்80, எஸ்ரேம், 74எச்சி00 இவற்றின் கால்களில் ஒன்று சாக்கெட்டுக்குள் போகாமல் உடலுக்கடியில் மடங்கியிருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

காலையில் நன்றாக ஓடிப் பிற்பகலில் தொங்குகிறதா? சூடு ஏற ஏறச் சிமாஸ் சிப்பின் வேகம் குறையும். 6 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் 8 என்று அச்சிட்டு விற்றிருந்தால் அக்னி நட்சத்திரத்தில் குட்டு வெளிப்படும். அதே பட்டியலில் கடிகாரத்தை 4 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்துப் பாருங்கள். தொங்குவது நின்றுவிட்டால் சிப்தான் குற்றவாளி.

முனையம்

விஜிஏ32 பலகையில் ஃபேப்ஜிஎல் தொகுப்பின் ஆன்சி டெர்மினல் நிரலை ஏற்ற வேண்டும். ஆர்டுயினோவில் ஈஎஸ்பி32 பொதியின் 2.0 வரிசையை வைத்துக்கொள்ளுங்கள், 3.0 வரிசையில் இது சண்டை போடும். பிஎஸ்ரேம் என்ற கூடுதல் நினைவக வசதியை அணைத்து, பெரிய நிரலுக்கான பிரிவு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஏறியதும் விசைப்பலகையில் எஃப்12 அழுத்தினால் அமைப்புத் திரை வரும். 115200, 8-என்-1, திரை 640×480, விடி வகை முனையம். சீரியல் கால்களையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். பெறும் பக்கத்துக்கு 34 நல்லது, அது உள்ளீட்டுக்கு மட்டுமேயான கால். 12ஆம் காலைத் தொடாதீர்கள். மின்சாரம் வரும் நொடியில் அதில் மின்னழுத்தம் இருந்தால் ஈஎஸ்பி32 தன் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட் கொடுத்து, தொடங்காமல் நின்றுவிடும்.

ஏடிமெகா 5 வோல்ட்டில் பேசுகிறது, ஈஎஸ்பி32 3.3 வோல்ட்டில். ஏடிமெகாவின் டிஎக்ஸிலிருந்து 1.8 கிலோஓம் மின்தடை வழியாக ஈஎஸ்பி32-ன் ஆர்எக்ஸுக்கு வாருங்கள், அந்த இடத்திலிருந்து 3.3 கிலோஓம் ஒன்றைத் தரைக்கு இறக்குங்கள். 3.2 வோல்ட் கிடைக்கும். எதிர்த்திசையில் 1 கிலோஓம் ஒன்றைத் தொடரில் வைத்தால் போதும். 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா 3 வோல்ட்டுக்கு மேல் உள்ளதை ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு பலகைகளின் தரையும் சேர்ந்திருக்க வேண்டும். யூஎஸ்பி மாற்றியை இப்போது கழற்றிவிடுங்கள். ஒரே கம்பியில் இருவர் பேசினால் இருவருக்கும் ஆகாது.

மின்சாரம்

பொறுமையாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை 32700 செல்கள் நான்கு, ஒவ்வொன்றும் 6 ஆம்பியர்-மணி. சோலார் விளக்குகளுக்கு வரும் செல்கள்தான். தொடரில் 12.8 வோல்ட், மொத்தம் 77 வாட்-மணி. சாதாரண லித்தியம் அயனைவிட எடை கூடும், ஆனால் மரப்பெட்டிக்குள், செட்டிநாட்டு வெயிலில், தீப்பிடிக்கும் அபாயம் குறைந்த ரசாயனமே வேண்டும்.

தொடரில் இணைக்குமுன் நான்கையும் தனித்தனியே 3.65 வோல்ட் வரை ஏற்றிச் சமன் செய்யுங்கள். செல்லின் மேல் நேரடியாகப் பற்றவைக்காதீர்கள், சூடு உள்ளே இறங்கிச் செல் கெடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து தரும் பேட்டரி கடையில் கொடுத்துவிடலாம். பாஸ்பேட்டுக்கான 4 செல் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் பலகை) ஒன்று, நேர்முனையை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ், 14.6 வோல்ட் பாஸ்பேட் சார்ஜர். பைக் பேட்டரி சார்ஜரைப் போட வேண்டாம்.

சார்ஜ் நிறைந்த நேரத்தில் முனையில் 14 வோல்ட்டுக்கு மேலும், காலியாகும் நேரத்தில் 11 வோல்ட் அருகிலும் இருக்கும். 12 வோல்ட் மட்டும் தாங்கும் திரை இதில் பிழைக்காது. 12 வோல்ட்டுக்கு இறக்க எல்எம்2596 தொகுதி போட்டாலும் பயனில்லை. அது வேலை செய்ய உள்ளே வருவது வெளியே போவதைவிட 1.5 வோல்ட்டாவது அதிகம் இருக்க வேண்டும். அதனால்தான் 12–24 வோல்ட் தாங்கும் திரை. அதிலும் பேட்டரி கடைசியில் 12-க்குக் கீழே இறங்கும்போது எதுவரை எரிகிறது என்று மேசையிலேயே பார்த்துவிடுங்கள்.

5 வோல்ட்டுக்கு எல்எம்2596 சரியாகப் பொருந்தும். ஆனால் வாங்கிவரும்போது அதன் திருகு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. வெளியே எதையும் இணைக்காமல் மல்டிமீட்டரை வைத்து 5.1 வோல்ட் வரும்வரை திருகுங்கள். பல சுற்று திருகு, முதல் பத்துச் சுற்றுக்கு அசையாததுபோலக்கூட இருக்கும். இதைச் செய்யாமல் இணைத்தால் ஒரே நொடியில் இரண்டு பலகையும் விசைப்பலகையும் போய்விடும்.

திரை 6 வாட், மற்ற எல்லாம் சேர்ந்து 2 வாட் அளவில் எடுத்தால், இழப்பைக் கழித்து ஏறக்குறைய 7 மணி நேரம் ஓடும்.

பெட்டியும் உள்தட்டும்

டிவிஎஸ் கோல்டு 46 செ.மீ. அளவு அகலம். ஆகவே பெட்டியின் உள்ளளவு குறைந்தது 48 × 33 செ.மீ., உயரம் 11 செ.மீ. கடைக்கு அளவுநாடாவோடு போங்கள், வெளியளவைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துவிடுவீர்கள், பலகையின் கனம் இரண்டு பக்கமும் சேர்ந்து 3 செ.மீ. வரை சாப்பிட்டுவிடும். 12 மி.மீ. தேக்கில் இந்த அளவுப் பெட்டியே 4.5 கிலோவுக்கு மேல் இருக்கும். ஈட்டி மரம் இன்னும் கனம். கணினியோடு சேர்த்து 7, 8 கிலோ ஆகும், ஆஸ்போர்ன் 1-ஐவிட மூன்று கிலோ அளவு குறைவுதான். பெட்டிக்குள் பாச்சை உருண்டை இருந்தால் எடுத்துவிட்டு, வாசனை போகும்வரை வெயிலில் திறந்து வையுங்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

பழைய பெட்டி நான்கு மூலையும் நேராக இருக்காது. முதலில் அட்டையில் வெட்டி இறக்கிப் பார்த்து, அந்த அட்டையை ஆசாரியிடம் கொடுங்கள். 12 மி.மீ. பிளைவுட்டில், எல்லாப் பக்கமும் 3 மி.மீ. குறைத்துத் தட்டு வெட்டட்டும். ஐப்பசி மழையில் மரம் ஊதும், சித்திரையில் சுருங்கும், பிளைவுட் அந்த அளவு அசையாது. இடைவெளி இல்லாமல் வெட்டினால் கோடையில் தட்டு வெளியே வராது. ஓரத்துக்குக் கார்க் தாள் ஒட்டி ஆட்டத்தை நிறுத்தலாம். இரண்டு பக்கமும் துணி நாடாவில் கைப்பிடி வைத்தால் தூக்க வசதி.

தட்டின் முன்பகுதி 18 செ.மீ. விசைப்பலகைக்கு. பின்பகுதியில் இடமிருந்து வலமாகப் பேட்டரி, 5 வோல்ட் தொகுதி, எம்பிசி2, விஜிஏ32. சார்ஜர் துளையும் சுவிட்சும் ரீசெட், யூசர் பொத்தான்களும் பின்பகுதியின் மேல்மூடியில் வரட்டும். எஸ்டி தொகுதியையும் அங்கே கொண்டுவர வேண்டும், அட்டையை அடிக்கடி எடுப்பீர்கள். அதற்குப் போகும் கம்பி 10 செ.மீ.க்கு மேல் நீண்டால் படிப்பதில் பிழை வரத் தொடங்கும். பேட்டரியைப் பட்டையால் இறுக்குங்கள், பெட்டியைத் தூக்கும்போது செங்குத்தாகத்தான் நிற்கும்.

திரையைப் பெட்டியின் மூடியில் பொருத்தும் ஆசை வரும். வேண்டாம். முன், பின் பகுதிகள் சேரும் இடத்தில் 6 செ.மீ. உயரத்தில் ஒரு ரீப்பர் நிறுத்தி, அதில் திரைச் சட்டத்தைக் கீலோடு மாட்டினால், மடக்கும்போது அது விசைப்பலகைமேல் முகங்கவிழ்ந்து படுக்கும். சாதாரணக் கீலில் திரை நிற்காது. செத்துப்போன மடிக்கணினியிலிருந்து உராய்வுக் கீல்களைக் கழற்றி, மரத்திருகு போடாமல் 3 மி.மீ. போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்குங்கள். மரத்திருகு நான்கு மாதத்தில் பிடுங்கிக்கொள்ளும். விஜிஏ கம்பி விறைப்பானது, கீலருகே ஒரு வளையம் தளர்வாக விடாவிட்டால் திறக்கும்போதெல்லாம் முனையை இழுக்கும்.

ஓட்டத் தொடங்கியபின்

கோப்புகளை அனுப்பச் சுலபமான வழி, அட்டையை எடுத்து மேசைக் கணினியில் செருகி, சிபிஎம்டூல்ஸ் என்ற மென்பொருள் கொண்டு டிஸ்க் கோப்புக்குள் போடுவது. அணைக்குமுன் எந்த நிரலும் எழுதிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏ> குறி நிற்கும்போது அணைத்தால் ஆபத்தில்லை.

தமிழ் வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். முனையத்தின் எழுத்துக் கட்டம் 8 புள்ளி அகலம். ட, ப அதற்குள் அடங்கும், ணை, ஞு அடங்காது. ஓர் எழுத்துக்கு இரண்டு கட்டம் ஒதுக்கி, 8 பிட் குறியீடு ஒன்றுக்குப் புள்ளி எழுத்துரு வரைந்து ஃபேப்ஜிஎல்லில் தொகுக்கலாம். அப்போதும் வேர்டுஸ்டாரின் ஆவண நிலையில் தமிழை அடிக்க முடியாது. சொல்லின் கடைசி எழுத்தில் 8ஆவது பிட்டை அது தன் வரியமைப்புக் குறியாக எடுத்துக்கொள்ளும், தமிழ்க் குறியீட்டுக்கும் அதே பிட்தான் வேண்டும். ஆங்கிலத்தில் கணக்கும் பாஸ்கலும் எழுத இது தடையில்லை.

ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டிவைப்பதாக இருந்தால் பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில் விட்டு, ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். பிஎம்எஸ் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். வெயிலில் நிறுத்திய காரில் பெட்டியை விடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை, வைகாசியில் மாடி அறையைத் தவிர்த்து, முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் காலை நேரத்தில் சார்ஜ் போட்டால் போதும்.